பழைய காருக்கு யோசனை கேட்பது எப்படி: குரூப்பிலா, ஃபோரத்திலா?

காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெரியப்பா விட்டுப்போன 1968 ஃபியட் டிலைட் வீட்டில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே எடுப்பேன். அது தெரிந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எங்க வீட்லயும் ஒரு பழைய வண்டி கிடக்கு. எந்த குரூப்ல சேரலாம்?" சேருவது சுலபம், லிங்க்கை அமுக்கினால் போதும். எந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்று தெரியாமல்தான் பலர் வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டதா, வாட்ஸ்அப் குரூப்பில் கேளுங்கள். சித்திரை வெயிலில், திருமயம் ரோட்டில், ஓடிக்கொண்டிருந்த வண்டி இருமி இருமி நிற்கிறது. செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. குரூப்பில் போட்டால் ஐந்து நிமிடத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள்: "பானெட்டைத் திற, பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணியைச் சுத்து, இருபது நிமிஷம் பொறு." இன்ஜின் சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்ப் ஆவியை இழுத்துக்கொண்டு நிற்கும், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. பம்ப் குளிர்ந்தால் சரியாகிவிடும். இதற்கு ஃபோரத்தில், அதாவது தலைப்பு வாரியாகக் கேள்வியும் பதிலும் அடுக்கியிருக்கும் பழைய பாணித் தளத்தில், எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் நாம்தான் ஆவியாக வேண்டும். பக்கத்தில் யார் இருக்கிறார், தேவகோட்டையில் பழைய கார் தெரிந்த டிங்கர் யார், சென்னை ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையில் ரப்பர் பீடிங் இருக்கிறது, இவை எல்லாமே குரூப் சமாச்சாரம்.

இதே நோய் மாதாமாதம் வருகிறது என்றால் கேள்வி மாறிவிட்டது. அப்போது ஃபோரத்துக்குப் போங்கள். 2004இல் தொடங்கிய டீம்-பிஎச்பி நம் நாட்டில் எல்லாரும் அறிந்தது. மோரிஸ், ஆஸ்டின், ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இங்கிலாந்துக்காரர்களின் தளங்களும் உதவும். அங்கே பதில் மெதுவாக வரும். வந்தால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்திருப்பார், மூன்றாமவர் படத்தோடு விளக்கியிருப்பார். ஐந்து வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். குரூப்பில் நேற்று வந்த அருமையான பதில் இன்று காலை குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு அது கண்ணிலேயே படாது.

வேகமான பதிலில் ஆபத்தும் உண்டு. பேட்டரி மாட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். என் ஃபியட்டில் நெகட்டிவ் எர்த், அதாவது மைனஸ் முனை பாடியில் போகும். பழைய மோரிஸ் மைனர் பாசிட்டிவ் எர்த்தாக வந்த வண்டி, அதில் பிளஸ்தான் பாடிக்கு. குரூப்பில் ஒருவர் வண்டி பெயர் சொல்லாமல் "எந்த ஒயர் பாடிக்கு?" என்று கேட்பார். ஃபியட்காரர் ஒருவர் நல்ல மனதோடு "கறுப்பு" என்பார், அதாவது மைனஸ். கேட்டவர் வீட்டில் நிற்பது மோரிஸ் என்றால், அதில் எலக்ட்ரானிக் சாமான் ஏதாவது மாட்டியிருந்தால், புகை வந்த பிறகுதான் தெரியும். ஃபோரத்தில் முதல் பதிலே "எந்த மாடல், எந்த வருஷம்?" என்று வரும். எரிச்சலாக இருக்கும்தான். அந்த எரிச்சலுக்காகவே நான் அங்கே போகிறேன்.

கேள்வியை எழுதுவதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். "வண்டி சூடாகுது, என்ன பண்ணலாம்?" என்றால் ரேடியேட்டரை மாற்று என்பதிலிருந்து வண்டியை வித்துடு என்பது வரை எல்லாம் வரும். இப்படி எழுதிப் பாருங்கள்: "1968 ஃபியட் டிலைட், ஒரிஜினல் 1089 சிசி பெட்ரோல் இன்ஜின். நிற்கும்போது சூடு ஏறுகிறது, அறுபதில் ஓடும்போது இறங்குகிறது. தண்ணீர் குறையவில்லை. ஃபேன் பெல்ட் புதிது. ரேடியேட்டரை இதுவரை கழற்றவில்லை." ஓடும்போது சூடு இறங்குகிறது என்ற ஒரு வரியைப் பார்த்ததுமே விவரமானவர் ஃபேன் பக்கம் காற்றோட்டத்தைப் பார்க்கச் சொல்வார். எது எப்போது நடக்கிறது, எதை ஏற்கெனவே மாற்றியாயிற்று, எதைத் தொடவில்லை, இந்த மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். ஆங்கிலம் வராதே என்று தயங்காதீர்கள், துண்டு துண்டாக எழுதினால் போதும்.

கேட்பதற்கு முன் தேடுவது மரியாதை. ஃபோரத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியைவிட, கூகுளில் தளத்தின் பெயர், வண்டி, கோளாறு மூன்றையும் சேர்த்து அடிப்பது நல்ல பலன் தரும்.

படம் எடுப்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பார்ட்டை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். பூ வேலைப்பாடு அழகாகத் தெரியும், கார்புரேட்டர் தெரியாது. வெள்ளை வேட்டியை விரித்து வையுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல், பார்ட்டில் வார்த்த எண் தெரிகிறபடி இன்னொரு படம். துரு பிடித்திருந்தால் துடைப்பதற்கு முன்பே ஒன்று எடுத்துவிடுங்கள். அரிப்பையும் முலாமையும் ஆராயும் சிக்ரி ஆய்வகம் 1953இலிருந்து நம் ஊரில் இருக்கிறது. நம் குரூப்பிலோ துருவுக்கு இன்னும் மண்ணெண்ணெய்தான் மருந்து.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு எச்சரிக்கை. இங்கே பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார், பின்கட்டு ஷெட்டில் வண்டி நிற்கும், காவலுக்கு ஒரு வயதானவர். அந்த வண்டியின் படத்தை முகப்பு, தெரு, நம்பர் பிளேட் தெரிய பேஸ்புக்கில் போட்டால், பழைய வீட்டுக் கதவும் தூணும் வாங்க அலைகிறவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். படத்தை வெட்டிவிட்டுப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரம் படத்துக்குள்ளேயே கூடப் போகலாம். சாதாரணப் படமாகவே அனுப்புங்கள்.

சாமான் வாங்கப் பேஸ்புக் குரூப்தான் தோது. மும்பையில் டிலைட்டின் வழிவந்த பிரீமியர் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபர் வரை ஓடியது. டிலைட்டின் இன்ஜின் சாமான் பலவும் பத்மினிக்கும் பொது என்பதால் என் போன்றவர்கள் பாடு தேவலை. முன்பணம் அனுப்புவதற்கு முன் வீடியோ காலில் பார்ட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

அப்புறம், ஃபோரம் என்றால் நிரந்தரம் என்றும் நம்பிவிடக் கூடாது. ஆர்குட் 2014இல் மூடியது, யாஹூ குரூப்ஸ் 2020இல் போனது, அவற்றில் பேசியவையும் போயின. 2017இல் படங்களைச் சேமித்து வைக்கும் போட்டோபக்கெட் தளம், மற்ற தளங்களில் படம் காட்ட ஆண்டுக்கு 399 டாலர் கேட்டதும் உலகம் முழுக்க ஃபோரங்களில் படங்கள் காணாமல் போயின. "கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்" என்று இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. அதனால் உருப்படியான ஒரு பதில் கிடைத்தால் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். கடை என்னுடையது என்பதால் நான் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். முக்கியமான இடத்தில் ஓரத்தில் தமிழில் எழுதியிருப்பதால் மெக்கானிக்கிடம் அப்படியே நீட்டிவிடலாம். குரூப்பில் வரும் குரல் பதிவுகளையும் அன்றைக்கே நாலு வரியாக எழுதிவிடுவேன்.

ஆர்.சி., வரி, இன்சூரன்ஸ் விஷயங்களுக்கு மட்டும் இரண்டு இடத்தையும் நம்பாதீர்கள். 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதியை, அதாவது மிகப் பழைய வண்டிகளைப் பதியும் விதியைப் பற்றி எத்தனையோ ஃபார்வர்டுகள்: பழைய வண்டி எல்லாம் 'விஏ' என்ற எழுத்து வரும் புது நம்பருக்கு மாற வேண்டும் என்று பயமுறுத்தும். அறிவிக்கையையே படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. 50 வயது தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், 'விஏ' வரிசை புதிதாகப் பதிகிறவர்களுக்கு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்று வைத்தார்கள். வின்டேஜ் என்று பதிந்துவிட்டால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பிள்ளையார்பட்டி போய்வர நினைக்கிறவர், அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.