அரிய கல்லில் மோதிரம் செய்யும் முன்

சேலம் செவ்வாய்ப்பேட்டை நகைப் பட்டறையில் டிசைனைக் கொடுத்துவிட்டு அதற்கேற்ற கல்லைத் தேடுவது மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் சரிப்படும். ஸ்பினெல், அயோலைட், அலெக்சாண்ட்ரைட் போன்றவற்றுக்குச் சரிப்படாது. இந்தக் கற்களை எடை வீணாகாதபடிதான் பட்டை தீட்டுவார்கள். ஒன்று 6.8 × 5.3 மி.மீ. இருக்கும், அடுத்தது வேறு அளவில் இருக்கும். அதனால் முதலில் கல்லை வாங்குங்கள். கல் உட்காரும் கூட்டை ஆசாரி அதை அளந்து செய்யட்டும்.

எங்கே அணியப் போகிறீர்கள் என்பதை வைத்துக் கல்லை முடிவு செய்யுங்கள். கீறல் தாங்கும் கடினத்தை 1 முதல் 10 வரையிலான மோஸ் அளவில் சொல்வார்கள். வீட்டுத் தூசியில் கடினம் 7 உள்ள குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கிறது. அதைவிட மென்மையான கல் துடைக்கத் துடைக்க மங்கும். ஸ்பினெல் 8, அலெக்சாண்ட்ரைட் 8.5, தினசரி மோதிரத்துக்கு இரண்டும் தாங்கும். டான்சனைட் 6 முதல் 7 வரைதான், இடிபட்டால் பிளந்தும் போகும். அதைத் தோட்டுக்கும் பதக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மரகதத்தின் கடினம் 7.5-க்கு மேல் என்றாலும் உள்ளே நூல் நூலாக வெடிப்பு ஓடும். கீறல் விழாத கல்லும் ஒரே அடியில் உடையலாம்.

கரூர், காங்கேயம் பக்கம் கிடைக்கும் அயோலைட் நமக்குக் கைக்கெட்டும் அரிய கல். அதை இடுக்கியில் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் கத்தரிப்பூ நீலம். கால் சுற்று திருப்பினால் தண்ணீர் போல, சில கல்லில் வைக்கோல் மஞ்சளாக வெளுக்கும். பட்டை தீட்டியவர் நீலப் பக்கத்தை முகப்புக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். தவறிய கல் மோதிரத்தில் சாம்பல் பூத்துத்தான் தெரியும், அதை எந்தக் கூடும் காப்பாற்றாது.

அடுத்து, கல்லைச் செய்தித்தாளின் மேல் முகப்பு மேலாக வையுங்கள். நடுவில் எழுத்து படிக்க முடிந்தால் அடிப்பாகம் ஆழமில்லாமல் வெட்டப்பட்டிருக்கிறது. ஒளி திரும்பி வராமல் கீழே ஒழுகிவிடும், நடுவில் ஓட்டை விழுந்தது போல் இருக்கும்.

கடையின் மஞ்சள் விளக்கில் சிவப்புக் கற்கள் எல்லாமே அழகுதான். காலை பத்து மணி வாக்கில் வாசல் நிழலில் ஒரு முறை, வீட்டு பல்பில் ஒரு முறை பார்த்து முடிவெடுங்கள். ஏற்காட்டில் பனிமூட்ட நாளில் நீலக் கல் வாங்காதீர்கள். அந்த வெளிச்சம் நீலத்தைக் கூட்டிக் காட்டும், கீழே சேலம் வெயிலில் நிறம் மாறிவிடும்.

மலிவான பெரிய மாணிக்கம் என்றால் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வெடிப்புகளில் உருண்டைக் குமிழும், திருப்பும்போது நீல மின்னலும் தெரிந்தால் உள்ளே ஈயக் கண்ணாடி ஊற்றியிருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கும். பட்டறை அமிலத்தில் போட்டால் வெடிப்பெல்லாம் வெள்ளைக் கோடாக வெளியே வரும். சான்றிதழில் காரட் எடை, மி.மீ. அளவு, சூடு காட்டியதா, எண்ணெய் அல்லது கண்ணாடி நிரப்பியதா என்ற நான்கும் இருக்க வேண்டும். காரட்டையும் அளவையும் கையில் உள்ள கல்லோடு ஒத்துப் பாருங்கள்.

ஆசாரியிடம் மூன்று விஷயங்களை முன்பே சொல்லிவிடுங்கள். பற்றவைக்கும் வேலை எல்லாம் முடிந்த பிறகே கல் பதிக்க வேண்டும்; பின்னால் மோதிரத்தைப் பெரிதாக்கினாலும் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் ஊத வேண்டும். கூட்டின் அடி திறந்திருக்க வேண்டும். அடியில் ரேக்கு என்ற பளபளக்கும் மெல்லிய தகடு வைத்தால் கல்லின் சொந்த நிறம் தெரியாது, தண்ணீர் புகுந்தால் கறுத்தும் போகும். மரகதத்தை அல்ட்ராசோனிக் மெஷினில் போடக் கூடாது, வெடிப்பை மறைக்கும் எண்ணெய் வெளியேறிவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

பில் போடும்போது கல் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். 5 காரட் என்பது 1 கிராம். கழிக்காவிட்டால் அந்த ஒரு கிராமுக்கும் தங்க விலையும் சேதாரமும் கட்டுவீர்கள். கல்லைப் பதிக்கும் முன் வெறும் கூட்டைத் தராசில் வைத்து எடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே பொறுப்பு. கல்லுக்குத் தனிச் சான்றிதழ், தனி பில்.