இந்தியில் ‘ஈத்’ என்ற சொல்லைத் தடுமாறாமல் பேசுவது எப்படி

‘ஈத் முபாரக்’ சொல்ல எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒரு வாக்கியம் பேசப் போனால்தான் நம்மவர்களுக்கு நாக்கு தடுக்குகிறது.

முதலில் உச்சரிப்பு. கடைசி எழுத்தை ‘பத்து’வில் வருவது போல அழுத்தாதீர்கள், ‘பந்து’வில் வரும் ‘த’ ஒலிதான் அங்கே. அரபியில் இந்தச் சொல் தொண்டையில் பிறக்கும் ‘ஐன்’ எழுத்தில் தொடங்கும். உருதுவில் அதை எழுதுவார்கள், ஒலிக்க மாட்டார்கள். இந்தியில் வெறும் நெடில் ‘ஈ’ மட்டும்தான், அதனால் தொண்டையை வருத்த வேண்டாம்.

அடுத்தது பால். ஈத் பெண்பால், எனவே ‘ஈத் வந்துவிட்டது’ என்பது ‘ஈத் ஆ கயீ’ என்றுதான் வரும், ‘ஆ கயா’ இல்லை. சரி, அப்படியானால் ‘ஈத் கா சாந்த்’ என்கிறார்களே, அது எப்படி? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்: நம் ‘உடைய’ போன்ற கா, கீ இரண்டும் முன்னால் நிற்கும் சொல்லைப் பார்ப்பதில்லை, பின்னால் வருவதைப் பார்க்கும். சாந்த், அதாவது பிறை, ஆண்பால், அதனால் ‘கா’. நமாஸ் பெண்பால், அதனால் ‘ஈத் கீ நமாஸ்’. முபாரக்பாத், அதாவது வாழ்த்து, அதுவும் பெண்பால், எனவே ‘ஈத் கீ முபாரக்பாத்’. இது ஒன்று பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது, ஈத் என்றில்லை, இந்தி முழுக்க இதே விதிதான். மராத்தியிலும் ஈத் பெண்பால். வங்காளியில் இலக்கணப் பாலே கிடையாது, அங்கே இந்தக் கவலையே இல்லை.

ரொம்ப நாளாகக் கண்ணில் படாத நண்பரிடம் ‘தும் தோ ஈத் கா சாந்த் ஹோ கயே’, அதாவது ‘நீ ஈத் பிறை போல ஆகிவிட்டாய்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். தோழியாக இருந்தால் ‘ஹோ கயீ’.

ரமலான் முடிந்து வருவதை சேமியா இனிப்பை வைத்து ‘மீட்டீ ஈத்’ என்றும் சொல்வார்கள், மற்றது பக்ரீத். இரண்டுக்குமே ‘ஈத் முபாரக்’ பொருந்தும். நோன்புப் பெருநாளுக்குப் பிறை தெரிந்த இரவே ‘சாந்த் ராத் முபாரக்’ என்று சொல்லலாம். குழந்தைகளுக்குக் கொடுக்கும் பணம் ‘ஈதீ’. ஆனால் முஹர்ரத்துக்கு இதே பழக்கத்தில் முபாரக் சொல்லிவிடாதீர்கள், ஷியாக்களுக்கு அது துக்க காலம்.

ஈதுக்கு எதிரில் இருப்பவரே முந்திக்கொண்டு வாழ்த்தினால் ‘ஆப்கோ பீ’ (உங்களுக்கும்) போதும், உருது வாசம் வேண்டுமென்றால் ‘கைர் முபாரக்’.