கீமோ வாய்ப்புண்: வீட்டில் அம்மாவுக்குச் செய்தவை

புற்றுநோய்க்காக அம்மாவுக்குக் கொடுத்த முதல் கீமோ முடிந்து ஒரு வாரம் தொல்லையே இல்லை. எட்டாம் நாள் காலை தண்ணீர் குடிக்கவே முகம் சுளித்தார். கீமோ வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். வாயின் உள்தோல் செல்களும் அதில் சிக்கும். புண் பெரும்பாலும் 5 முதல் 10 நாளுக்குள் தலைகாட்டும். அடுத்த சுற்றில் முதல் நாளிலிருந்தே கீழே சொல்பவற்றைத் தொடங்கிவிட்டோம்.

தினமும் காலையில் டார்ச் அடித்து நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம், ஈறு, உதடு எல்லாம் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கொப்பளிக்க, 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் உப்பு 1 டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடாதீர்கள். சாப்பிட்ட பின்பும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், வாயையும் உலர்த்தும். அது வேண்டவே வேண்டாம்.

நான் தவறியது பல் துலக்குவதில்தான். வலிக்கிறது என்று அம்மா சொன்னதும், "சரி, விடும்மா" என்று பிரஷை எடுத்து வைத்துவிட்டேன். மூன்றே நாளில் பல்லோரம் அழுக்குப் படிந்து ஈறு வீங்கிவிட்டது. வாய் சுத்தமில்லாவிட்டால் புண்ணில் கிருமி சேரும் என்று நர்ஸ் விளக்கினார். துலக்குவதை நிறுத்தக் கூடாது, பிரஷைத்தான் மாற்ற வேண்டும். மிக மென்மையான, சின்னத் தலை பிரஷை வெந்நீரில் நனைத்தால் இன்னும் இளகும். என்னைக் கேட்டால் குழந்தைகள் பிரஷ்தான் சரி. அதுவும் தாங்காவிட்டால், ரத்தம் நிற்காமல் கசிந்தால், பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள்) குறைந்திருந்தால் என்ன செய்வது என்று மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்.

பல்செட்டை இரவில் கழற்றிவிடுங்கள். சூடு, காரம், புளிப்பு, மொறுமொறுப்பு எதுவும் ஆகாது. டாக்டர் மரத்துப்போகும் ஜெல் கொடுத்திருந்தால், தடவிய பின் மெதுவாக, சின்னச் சின்ன வாயாக ஊட்டுங்கள். உணர்ச்சி இல்லாததால் புரையேறலாம், நாக்கையும் கடித்துக்கொள்ளலாம்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால் காலை வரை காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது. தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலும் அப்படியே.

பின்சேர்க்கை: ஐஸ் சப்பலாமா என்று சிலர் கேட்டார்கள். ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை ஊசியாகச் சட்டென்று செலுத்தும்போது, 5 நிமிடம் முன்பே தொடங்கி 30 நிமிடம் ஐஸை வாயில் வைத்திருந்தால் புண் குறைகிறது. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி, அங்கே போகும் மருந்து குறையும். ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் சேர்ந்திருந்தால் குளிர்ச்சி பட்டாலே தொண்டையில் வேதனை வரலாம். உங்கள் மருந்துகளின் பெயரைச் சொல்லி, டாக்டரிடம் கேட்டுவிட்டு ஐஸை எடுங்கள்.