உயர வரைபடத்தைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது

மனைப்பிரிவு, சாலை, வடிகால் என எதைத் திட்டமிட்டாலும் உயரத் தரவு இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கிய கையோடு கான்டூர் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட ஆரம்பித்துவிடாதீர்கள். அந்தக் கோப்பு காட்டுவது தரையையா, தரைமேல் நிற்பவற்றையா என்று முதலில் பாருங்கள்.

2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு, பின்னால் வந்த ஐரோப்பிய கோபர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு, இரண்டிலுமே மர உச்சியும் கட்டடக் கூரையும் உயரத்தில் கலந்திருக்கும். அடர்ந்த தோப்பு ஒன்று மேடாகத் தெரியும். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போவதாக மென்பொருள் கணக்குப் போடும். அதை நம்பி வடிகால் அமைத்தால் பெருமழையில் தெருவில்தான் நீர் நிற்கும். தவிர, இந்தத் தரவில் நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒரு கட்டம் என்பது சுமார் 900 சதுர மீட்டர். அத்தனைக்கும் ஒரே உயரம். சின்ன வாய்க்காலும் அதன் கரையும் அதில் தென்படவே தென்படாது. எந்தப் பக்கம் சரிவு, எங்கே பள்ளம் என்று முதற்கட்டமாகப் பார்க்க இது தாராளமாகப் போதும். வடிகாலின் அடிமட்டத்தைக் குறிக்க, லைடார் (லேசர் அளவீடு) மூலம் எடுத்த, மரமும் கட்டடமும் நீக்கிய தரைமாதிரியோ, களத்தில் உயரம் அளக்கும் நேரடி லெவல் சர்வேயோ கட்டாயம் வேண்டும்.

ஜிபிஎஸ் கருவி காட்டும் உயரத்தையும் இந்தத் தரவோடு அப்படியே சேர்க்காதீர்கள். கடல்மட்ட உயரத்திலிருந்து அது பல பத்து மீட்டர் விலகியிருக்கலாம்.

சோதிக்க எளிய வழி: கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஹில்ஷேட் (மேடுபள்ளத்தை நிழலாகக் காட்டும் படம்) போட்டு, அதன்மேல் செயற்கைக்கோள் படத்தைப் பாதி ஒளிபுகும்படி வையுங்கள். தோப்பின் விளிம்பிலேயே நிலம் படி வைத்தாற்போல் எழும்பினால், அது தரைமாதிரி இல்லை.