பிளஸ் ஒன் குரூப்பும் டைம்டேபிளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் மதுரையில் பாதி வீடுகளில் ஒரே பேச்சுதான்: "என்ன குரூப் எடுக்கப் போறே?" 500-க்கு 450-ஐத் தாண்டினால் பயோ-மேத்ஸ், 400 என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்குக் கீழே காமர்ஸ் என்று மார்க் ஷீட்டே முடிவெடுத்துவிடுகிறது. எந்தப் படிப்புக்கு எந்தப் பாடத்தின் மார்க்கை எடுப்பார்கள், அந்தப் பாடங்களைப் படிக்க நாளில் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்ற இரண்டு கணக்கையும் யாரும் போடுவதில்லை.

முதல் கணக்கு கட்-ஆஃப், அதாவது ஒரு படிப்பில் சேர்க்க எடுக்கும் பாடங்களின் மார்க்கை மட்டும் கூட்டிய தொகை. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. உயிரியல் மார்க்குக்கு அங்கே வேலையே இல்லை. ஒத்தக்கடையில் இருப்பது போன்ற வேளாண் கல்லூரிக்கு பயோ-மேத்ஸ் மாணவரின் நான்கு பாடமும் தலா 50. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. இப்போது ஒரு பிள்ளை கணிதத்தில் 78, இயற்பியலில் 90, வேதியியலில் 90, உயிரியலில் 95 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினியரிங் கட்-ஆஃப் 168. வேளாண்மைக்கு 176.5. கால்நடைக்கு 185. மார்க் ஷீட் ஒன்றுதான், வரிசையில் நிற்கும் இடம்தான் மாறுகிறது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கோ பிளஸ் டூ மார்க்கை வைத்து ரேங்க் கிடையாது. 720 மார்க்குக்கு நடக்கும் நீட் நுழைவுத் தேர்வு மட்டுமே, அதிலும் பாதி, 360, உயிரியல்.

"பயோ-மேத்ஸ் எடுத்தா ரெண்டு பக்கமும் போகலாம்ல" என்பது எல்லாரும் சொல்லும் காரணம். உண்மைதான், ஆனால் அதற்கு விலை உண்டு. உயிரியல் என்று டைம்டேபிளில் ஒரே வரியாக எழுதியிருந்தாலும் தாவரவியலுக்கு ஒரு புத்தகம், விலங்கியலுக்கு ஒரு புத்தகம். பரீட்சையில் தியரிக்குத் தலா 35 மார்க். பிராக்டிகலுக்கான ரெக்கார்டு நோட்டும் கூடும். கணிதத்தில் தடுமாறும் பிள்ளை மருத்துவம் பக்கம்தான் போகும் என்பது தெளிவாக இருந்தால், கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் எடுத்துக் கணித நேரத்தை மிச்சப்படுத்துவது கௌரவக் குறைச்சல் இல்லை. அதேபோல உயிரியல் பக்கமே திரும்பாத பிள்ளைக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பே போதும். குழப்பம் நிஜமாகவே இருந்தால் மட்டும் பயோ-மேத்ஸ்.

காமர்ஸிலும் இதே பொறி வேறு உருவில் இருக்கிறது. பயந்துபோய் வணிகக் கணிதம் இல்லாத பிரிவைத் தேடி எடுப்பவர்கள், ஐந்து வருடம் கழித்து பொருளாதாரத்தில் நல்ல இடத்தில் முதுகலை படிக்க நினைக்கும்போது கணிதத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆடிட்டர் படிப்பின் முதல் தேர்வான சி.ஏ. பவுண்டேஷனுக்கு எந்த குரூப்பிலிருந்தும் போகலாம். அங்கும் கணிதமும் புள்ளியியலும் ஒரு தாளாக வரும்.

மொழிப்பாடத்தை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. பிளஸ் டூவின் மொத்த மார்க் 600-ல் 200 தமிழும் ஆங்கிலமும். கட்-ஆஃப் 195 இருந்தாலும் தமிழில் 35 வாங்காவிட்டால் தேர்ச்சி இல்லை. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழுக்கும் பி.ஏ. ஆங்கிலத்துக்கும் அந்தந்த மொழி மார்க்கை வைத்துத்தான் தரவரிசை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும், ஆனால் ஜூன் மாதத்திலிருந்தே அந்த இரண்டு மணி நேரம் வேண்டும்.

இரண்டாவது கணக்கு நேரம். மதுரைக்குள் இருக்கும் ஒரு பள்ளிக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்துபோகும் மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் 7 மணி நேரம். மாலை ஸ்பெஷல் கிளாஸோடு பள்ளி எட்டரை. பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் சேர்த்துப் பயணம் இரண்டரை. குளிக்க, சாப்பிட, கிளம்ப 2. ஆக 20 போய்விட்டது, கையில் இருப்பது 4. இதில் சிம்மக்கல்லில் இயற்பியல், கே.கே. நகரில் கணிதம் என்று தினம் இரண்டு டியூஷன் வைத்தால், இடையில் போகும் நேரத்தோடு மூன்று மணி நேரம் காலி. மிஞ்சும் ஒரு மணி நேரத்தில் ஆறு பாடத்தையும் படித்து, வீட்டுப்பாடமும் ரெக்கார்டும் முடிக்க வேண்டும். முடியாது. உடனே தூக்கத்தில் கைவைப்பார்கள். ஆகஸ்ட் வரை தாங்கும், காலாண்டுத் தேர்வில் தெரிந்துவிடும்.

டியூஷன் என்பது கேட்கிற நேரம், படிக்கிற நேரம் இல்லை. ஒரு மணி நேரம் கேட்டால், புத்தகத்தை மூடிவைத்துத் தானே போட்டுப் பார்க்க இன்னொரு மணி நேரம் வேண்டும். அந்த இன்னொரு மணி நேரம் இல்லாத டியூஷனுக்குப் பணம் கட்டுவது வீண். மிகவும் பலவீனமான ஒரு பாடத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு, அதுவும் ஒன்றுவிட்டு ஒருநாள். வீட்டில் இடமோ அமைதியோ இல்லாதவர்களுக்கு, 2023-ல் புதுநத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல இடம்.

ஏதாவது ஒரு டைம்டேபிள் போடத்தான் வேண்டும் என்றால், தாளில் முதலில் தூக்கத்தையும் பயணத்தையும் எழுதுங்கள், மிச்சத்தில்தான் பாடங்கள். கணக்குப் போடும் பாடத்தை விடியற்காலையிலும், படம் வரைந்து பாகம் குறிக்கும் பாடத்தை இரவிலும் வைப்பது பலருக்குச் சரியாக வருகிறது. வாரத்தில் ஒரு மாலையை வெறுமையாக விடுங்கள், தவறிப்போனதெல்லாம் அங்கே வந்து விழும். பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு. அந்த மூன்று நாளில் "தினம் பத்து மணி நேரம்" என்று எழுதிவைத்துவிட்டு டி.வி. முன்னால் குற்ற உணர்ச்சியோடு உட்காருவதைவிட, லீவு என்றே எழுதிவிடலாம். பிராக்டிகலுக்கு 20 மார்க், அகமதிப்பீட்டுக்கு 10. இந்த முப்பதும் கடினமான மார்க் இல்லை. ரெக்கார்டை ஜனவரிக்குத் தள்ளுபவர்கள்தான் ரிவிஷன் தேர்வு நேரத்தில் படம் வரைந்துகொண்டிருப்பார்கள்.

பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டி நேரே பிளஸ் டூ பாடத்துக்குக் குதிப்பது இன்னொரு பழைய வியாதி. பிளஸ் ஒன்னுக்கு இனி பொதுத்தேர்வு இல்லை என்று மாநிலக் கல்விக் கொள்கை 2025-ல் வந்தபின் இந்த ஆசை இன்னும் கூடும். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் பாடத் தலைப்புகளைப் பாருங்கள்: வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். பயன்படுத்துவதற்கு முன் கற்றுக்கொள்ளும் பகுதி பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கிறது. இயற்பியலின் இயக்கவியலும் வேதியியலின் மோல் கணக்கும் அங்கேதான். நீட்டும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கும்.

அவசரத்தில் பள்ளி மாற்றுவதுதான் திருத்தவே முடியாத தவறு. அரசுப் பள்ளியில் நல்ல மார்க் எடுத்த பிள்ளையை, கட்டணச் சலுகை தருகிறார்கள் என்று பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். மருத்துவம், இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை ஆகியவற்றில் உள்ள 7.5 சதவீத இடஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பதினொன்றில் மாறினால் அது போய்விடும். கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலும் 6 முதல் 12 வரை படித்ததைப் பார்க்கின்றன. தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்குத் தாவுவதும் இப்படித்தான். அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, அந்தப் பணிக்குரிய தகுதிவரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். டி.சி. வாங்கும் முன் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, இழப்பது எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு என்று பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் குரூப் தப்பாக அமைந்துவிட்டது என்று தோன்றினால், முதல் இடைப்பருவத் தேர்வு மார்க் வந்த அன்றே வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். "காலாண்டு வரைக்கும் பாப்போம்" என்று தள்ளினால் புதிய குரூப்பில் பாடங்கள் பாதி ஓடியிருக்கும். தலைமையாசிரியர் மனது வைத்தாலும் விட்டதைப் பிடிக்க வேண்டியது பிள்ளைதான்.