சர்வர் பராமரிப்பு வேலையின்போது அலர்ட்டை நிறுத்தி வைப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

நாளிதழில் வரும் ‘நாளைய மின்தடை’ கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கடலூர் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று அதில் போடுவதில்லை. எந்தத் துணை மின்நிலையம், எந்தெந்தப் பகுதிகள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்ன காரணம் என்று நான்கு விவரம் இருக்கும். சர்வர் வேலைக்காக மானிட்டரிங் அலர்ட்டை நிறுத்தி வைக்கவும் இதே நான்கு விவரம்தான் வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும் நடுராத்திரியில் எல்லார் போனும் அடித்துக்கொண்டே இருக்கும். அல்லது உண்மையான பழுது வரும்போது ஒரு போனும் அடிக்காது. இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. இங்கே சொல்லும் படிகள் பெரும்பாலும் அதைத் தடுக்கத்தான்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மஞ்சக்குப்பத்தில் சர்வர் அறை. பண்ருட்டி, நெய்வேலி, புதுச்சேரியில் கிளைக் கடைகள். ஞாயிறு இரவு 11 மணி முதல் 1 மணி வரை டேட்டாபேஸ் சர்வரான டிபி01-க்கு பேட்ச் (திருத்த அப்டேட்) போட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மானிட்டரிங்குக்கு ப்ரோமிதியஸ், அலர்ட் அனுப்ப அலர்ட்மேனேஜர்.

படி 1: எது எது கத்தும் என்று எழுதுங்கள்

டிபி01 நின்றால் டிபி01 மட்டும் கத்தாது. அதை நம்பியிருக்கும் பில்லிங் சர்வர் ‘பிழைகள் அதிகம்’ என்று அலர்ட் அனுப்பும். பில்லிங் பக்கத்தைத் தட்டிப் பார்க்கும் சோதனை ‘பக்கம் திறக்கவில்லை’ என்று சொல்லும். டிபி01-இன் நகலை வைத்திருக்கும் ரெப்ளிகா சர்வர் (டிபி02 என்று வைத்துக்கொள்வோம்) ‘மாஸ்டரோடு தொடர்பு இல்லை’ என்று சொல்லும். வெளியே அப்டைம்ரோபாட் மாதிரி ஒரு சேவை உங்கள் தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்தால், அதற்கு அலர்ட்மேனேஜரில் நீங்கள் செய்வது எதுவும் தெரியாது. அங்கே போய்த் தனியாக மெயின்டனன்ஸ் நேரம் குறிக்க வேண்டும். ஒரு தாளில் இதை வரிசையாக எழுதினால் பொதுவாக ஐந்தாறு வரி வரும். அதுதான் உங்கள் ‘பகுதிகள்’ பட்டியல்.

கூடவே, நிறுத்தவே கூடாத அலர்ட்டுகளையும் எழுதுங்கள்: சர்வர் அறை வெப்பம், யுபிஎஸ், ரெப்ளிகாவின் டிஸ்க் அளவு. டிபி01 கழற்றிக் கிடக்கும் நேரத்தில் ரெப்ளிகாவும் போனால் கையில் ஒன்றும் இருக்காது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ரெப்ளிகாவைப் பற்றிய அலர்ட் மற்ற நாளைவிட முக்கியம்.

அன்று இரவு 12 மணிக்கு பேக்கப் ஓடுமா என்றும் பாருங்கள். ஓடுமென்றால் வேலைக்கு முன்பே கையால் ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, 12 மணி பேக்கப்பை 2 மணிக்குத் தள்ளுங்கள்.

படி 2: லேபிளைக் கண்ணால் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அலர்ட்மேனேஜரில் அலர்ட்டை நிறுத்தி வைப்பதற்குப் பெயர் சைலன்ஸ். எந்த அலர்ட்டை என்பதை, அலர்ட்டோடு ஒட்டி வரும் பெயர்ச்சீட்டான லேபிளை வைத்துச் சொல்ல வேண்டும். அங்கே ‘இன்ஸ்டன்ஸ்’ என்ற லேபிளுக்கு டிபி01 என்று மட்டும் கொடுத்தால் வேலை செய்யாது. ப்ரோமிதியஸில் அந்த லேபிளின் மதிப்பு பெரும்பாலும் போர்ட் எண்ணோடு சேர்ந்தே இருக்கும். சர்வரின் சிபியு, மெமரி விவரம் தருவது டிபி01:9100. அதில் ஓடும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் விவரம் தருவது டிபி01:9104. முதலாவதை மட்டும் அடக்கினால் இரண்டாவது கத்தும்.

இரண்டையும் பிடிக்க ரெஜெக்ஸ் (ஒரே வடிவில் உள்ள பல பெயர்களைப் பிடிக்கும் குறியீடு) வகையைத் தேர்ந்து, டிபி01:.* என்று கொடுங்கள். நடுவில் இருக்கும் முக்காற்புள்ளியை விட்டுவிடாதீர்கள். டிபி01.* என்று போட்டால் நாளைக்கு டிபி010 என்று ஒரு சர்வர் வந்தால் அதையும் சேர்த்து அடக்கிவிடும். வெறும் டிபி.* என்றால் ரெப்ளிகாவும் போச்சு.

பில்லிங் சர்வருக்கு முழு சைலன்ஸ் வேண்டாம். அலர்ட் பெயர், இன்ஸ்டன்ஸ் என்ற இரண்டு லேபிளையும் சேர்த்துக் கொடுத்து, ‘பிழைகள் அதிகம்’ என்ற அலர்ட்டை மட்டும் நிறுத்துங்கள். ‘பக்கம் திறக்கவில்லை’, ரெப்ளிகாவின் ‘மாஸ்டரோடு தொடர்பு இல்லை’ என்ற இரண்டுக்கும் இதே முறைதான். அந்த சர்வரின் டிஸ்க் நிறைந்தால் தெரிய வேண்டும். டேட்டாபேஸ் இல்லாத நேரத்தில் பிழைப் பதிவுகள் கொட்டி லாக் ஃபைல் வீங்குவது அடிக்கடி நடப்பதுதான்.

சைலன்ஸ் படிவத்தில் ‘ப்ரிவ்யூ அலர்ட்ஸ்’ என்று ஒரு பட்டன் உண்டு. இப்போது எரிந்துகொண்டிருக்கும், அதாவது நடப்பில் உள்ள, அலர்ட்டுகளை மட்டுமே அது காட்டும். வேலை தொடங்கும் முன் எதுவும் எரியாததால் பூஜ்யம் என்றுதான் வரும். அதனால் லேபிள் தவறு என்றும் ஆகாது, சரி என்றும் ஆகாது. ப்ரோமிதியஸின் டார்கெட்ஸ் பக்கத்தில் லேபிளைப் பார்த்து அப்படியே எடுத்துப் போடுவதுதான் நம்பகமான வழி.

படி 3: நேரம்

அலர்ட்மேனேஜர் படிவத்தில் நேரத்தின் கடைசியில் இசட் என்ற எழுத்து இருந்தால் அது யூடிசி என்ற உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஞாயிறு இரவு 11 மணி என்றால் பெட்டியில் 17:30. திங்கள் அதிகாலை 1 மணி என்றால் 19:30, தேதி இன்னும் ஞாயிறுதான். இதை மறந்து 23:00 என்று அடித்தால் சைலன்ஸ் நம் நேரப்படி திங்கள் விடிகாலை 4:30-க்குத்தான் தொடங்கும். வேலை நேரம் முழுக்க அலர்ட் கொட்டும். வேலை முடிந்து எல்லாரும் தூங்கிய பிறகு, 4:30 முதல் 6:30 வரை டிபி01 செத்துக் கிடந்தாலும் யாருக்கும் செய்தி வராது.

படிவம் தானாகவே இரண்டு மணி நேரம் என்று நிரப்பித் தரும். நம் வேலைக்கு அது கச்சிதம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று காலை 8 மணி வரை போடாதீர்கள். வேலை இழுத்தால் 12:45-க்கு முடிவு நேரத்தை மட்டும் மாற்றி நீட்டிக்கலாம். அரை நிமிட வேலை.

காரணம் எழுதும் பெட்டியில் ‘மெயின்டனன்ஸ்’ என்று ஒற்றைச் சொல் போடாதீர்கள். “டிபி01 பேட்ச், ஞாயிறு இரவு 11–1, சந்தேகம் இருந்தால் இரவுப் பணியாளரை அழைக்கவும்” என்று எழுதினால், பார்ப்பவர் அதை எடுத்துவிடலாமா கூடாதா என்று முடிவு செய்ய முடியும்.

ஜாபிக்ஸ், நாகியோஸ் (இவையும் மானிட்டரிங் மென்பொருள்கள்) வைத்திருப்பவர்களுக்கு

ஜாபிக்ஸ் 6.4 பதிப்பு முதல் ‘டேட்டா கலெக்ஷன்’ மெனுவில் ‘மெயின்டனன்ஸ்’ இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ‘கான்ஃபிகரேஷன்’ மெனுவில். அதில் தொடக்கம், முடிவு என்று இரண்டு நேரம் கேட்கும். அது வெளி வேலி மட்டுமே. அதற்குக் கீழே ‘பீரியட்’ ஒன்று தனியாகச் சேர்த்தால்தான் அந்த நேரத்தில் மெயின்டனன்ஸ் நடப்புக்கு வரும். ‘டேட்டா சேகரிப்புடன்’ என்ற வகையையே தேர்ந்தெடுங்கள். சேகரிப்பையும் நிறுத்தினால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மெமரி எப்படி ஏறியது என்று பார்க்க வரைபடமே இருக்காது. செய்தி அனுப்பும் விதியான ஆக்‌ஷனில் ‘அடக்கப்பட்ட பிரச்சினைகளுக்குச் செயல்களை நிறுத்திவை’ என்ற பொருளில் உள்ள டிக் போட்டபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் மெயின்டனன்ஸ் போட்டும் செய்தி போகும்.

நாகியோஸில் ‘ஃபிக்ஸ்டு’, ‘ஃப்ளெக்ஸிபிள்’ என்று இரண்டு வகை டவுன்டைம். நேரம் திட்டமாகத் தெரிந்தால் ஃபிக்ஸ்டு போதும்.

படி 4: ஆட்களுக்குச் சொல்லுங்கள்

மெஷினுக்குச் சொன்னது கிளைக்குத் தெரியாது. ஞாயிறு மாலையே வாட்ஸ்அப் குழுவில்: “வணக்கம். இன்று இரவு 11 முதல் 1 மணி வரை பில்லிங் இயங்காது. 10:45-க்குள் கணக்கு முடித்து வெளியே வந்துவிடவும். 1 மணிக்குப் பிறகும் திறக்கவில்லை என்றால் இந்தக் குழுவில் சொல்லவும்.” இரவு ஸ்டாக் எடுக்கும் கிளை இருந்தால் அவர்களுக்குத் தனியாகப் போன் போடுங்கள்.

படி 5: வேலை நேரத்தில்

10:50-க்கு, ஏற்கெனவே எரியும் அலர்ட்டுகளை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். வேலைக்குப் பிறகு எது புதிது, எது பழையது என்று பிரிக்க அதுதான் ஆதாரம். டிபி01-ஐ நிறுத்தியதும் அலர்ட்மேனேஜர் பக்கத்தைத் திறந்து, ‘சைலன்ஸ்டு’ என்ற டிக்கைப் போட்டுப் பாருங்கள். நிறுத்துவதற்காகப் படி 1-இல் எழுதிய வரிகள், வெளிச் சேவையைத் தவிர, ஒவ்வொன்றாக அங்கே வர வேண்டும். பட்டியலில் இல்லாத ஒன்று அடக்கப்பட்டதாக வந்தால் லேபிள் அகலமாகப் போய்விட்டது என்று பொருள், உடனே சரிசெய்யுங்கள்.

மின்தடை நாளுக்கு ஒரு குறிப்பு

துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் நாளிலும் இதே முறைதான். கடலூர் பக்கம் மின்வாரிய அறிவிப்பு, புதுச்சேரிக் கிளைக்கு அங்கத்திய மின்துறை அறிவிப்பு. இரண்டும் தனித்தனி, இரண்டையும் பாருங்கள். அன்று யுபிஎஸ் ‘பேட்டரியில் ஓடுகிறது’ என்று சொல்வது எதிர்பார்த்தது, அதை அடக்கலாம். ‘பேட்டரி தீரப்போகிறது’ என்பதை ஒருபோதும் அடக்காதீர்கள். ஜெனரேட்டர் எடுக்கவில்லை என்று உங்களுக்குச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு கரண்ட் போகிற ஊர் இது; அந்த மாதங்களில் யுபிஎஸ் அலர்ட்டுக்கு நீண்ட சைலன்ஸ் எதுவும் கிடக்கக் கூடாது.

படி 6: திரும்பத் திறப்பது

சர்வர் எழுந்தவுடன் சைலன்ஸை எடுக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல் ஓடுகிறதா, ரெப்ளிகா பின்தங்கியது பூஜ்யத்துக்கு வந்ததா, சோதனைக் கணக்கில் ஒரு பில் போட்டு ரத்து செய்ய முடிகிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால், முடிவு நேரம் வரும்வரை காத்திருக்காமல் ‘எக்ஸ்பயர்’ கொடுத்து நீங்களே முடித்துவையுங்கள். ஏதாவது இன்னும் எரிந்துகொண்டிருந்தால், சைலன்ஸ் போனதும் செய்தி வரும். நீங்கள் கீபோர்டு முன்னால் இருக்கும்போதே அது வரட்டும்.

பிறகு ஒரு பொய் அலர்ட் அனுப்பிப் பாருங்கள். டிபி01-இல் 9100 போர்ட்டில் ஓடும் எக்ஸ்போர்ட்டரை (சிபியு, மெமரி விவரம் தரும் சின்ன நிரல்) நிறுத்துங்கள். அலர்ட் விதியில் 5 நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருந்தால் அந்த 5 நிமிடம், அதற்கு மேல் அலர்ட்மேனேஜர் குழுவாகச் சேர்க்க எடுக்கும் அரை நிமிடம். ஏறக்குறைய 6 அல்லது 7 நிமிடத்தில் போனில் செய்தி வர வேண்டும். வந்ததும் எக்ஸ்போர்ட்டரை மறுபடி ஓட்டி, 2 மணிக்குத் தள்ளிய பேக்கப் முடிந்ததா என்று காலையில் பார்க்கக் குறித்து வையுங்கள். திங்கள் கடை திறந்து முதல் பில் விழும்போது சைலன்ஸ் பட்டியலை இன்னொரு முறை திறந்து, நடப்பில் எதுவும் மிச்சம் இல்லையென்று பாருங்கள்.