தண்ணீரில் வளரும் கீரைக்குச் சத்து கலக்குவது எப்படி?

மண்ணில் நிற்கும் செடிக்கு உரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் மண் சமாளித்துக்கொள்ளும். மண்ணில்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸில் அந்தத் தயவு கிடையாது. தொட்டியில் நாம் என்ன கலந்தோமோ, அதுதான் சாப்பாடு. மாடியில் 20 லிட்டர் டப்பில் பாலக்கீரை வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பாருங்கள். 200-க்குள் இருந்தால் நல்லது. சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரே 1000-ஐத் தாண்டும். அந்த எண்ணைப் பார்த்துச் சத்து இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் செடிக்கு வேண்டாத உப்புதான். மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சத்துக் கரைசல். கடையில் ஏ, பி என்று இரண்டு பாட்டில் தருவார்கள். ஏ-யில் கால்சியம் நைட்ரேட், பெரும்பாலும் இரும்புச்சத்தும் அதிலேயே. பி-யில் பாஸ்பேட், சல்பேட் வகையறா. ஒரே பாட்டிலில் தந்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. நேரம் மிச்சம் என்று ஒரு டம்ளரில் இரண்டையும் ஊற்றினேன். திரிந்த பால் மாதிரி வெள்ளையாகக் கட்டி, அடியில் மாவாகப் படிந்துவிட்டது. கால்சியம், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு கலக்கினாலும் வேருக்குக் கிடைக்காது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். டப்பில் 20 லிட்டர் தண்ணீரை நிரப்பிய பிறகே ஏ. பாட்டிலில் லிட்டருக்கு 2.5 மில்லி என்று இருந்தால் முழு அளவு 50 மில்லி. நாற்றுக்கு மூன்று நான்கு இலை வந்த பருவம் என்றால் 25 போதும். சிரிஞ்சால் அளந்து ஊற்றி, நன்றாகக் கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு, அப்புறம் சிரிஞ்சைக் கழுவி அதே அளவு பி. முளைத்து இரண்டே இலை நிற்கும் குட்டிக்கு வெறும் தண்ணீர் போதும்.

மறுபடி மீட்டர். வளர்ந்த பாலக்கிற்கு 900 முதல் 1100 வரை வைக்கலாம். கத்திரி வெயிலில் நான் 800-ஐத் தாண்ட விடுவதில்லை. வெயிலில் செடி தண்ணீரை அதிகம் குடிக்கும், கரைசல் தானாகவே கெட்டியாகிவிடும்.

கடைசியில்தான் பிஎச், அதாவது கரைசலின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண். சத்து கலந்ததும் அது மாறும் என்பதால் முன்னாலேயே பார்ப்பது வீண். 5.5-இல் இருந்து 6.5-க்குள் வர வேண்டும். கூடுதலாக இருந்தால் பிஎச் டவுனைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது அமிலம். பிஎச் 7-ஐத் தாண்டினால் தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், இன்னும் சத்து ஊற்றாமல் பிஎச்சைப் பாருங்கள்.

சரி, கலந்தாயிற்று. தினமும் காலையில் ஒரு நிமிடம் போதும். தண்ணீர் மட்டம் இரண்டு விரல் இறங்கி, மீட்டர் எண் ஏறியிருந்தால் செடி தண்ணீரைக் குடித்துச் சத்தை விட்டிருக்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். மட்டமும் எண்ணும் சேர்ந்து இறங்கியிருந்தால் பசி. தண்ணீரோடு ஏ, பி கொஞ்சம். மட்டம் மட்டும் இறங்கி எண் அப்படியே இருந்தால் பழைய அளவிலேயே கலந்து நிரப்புங்கள். இந்த மூன்றும் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டப்புக்குள் வெளிச்சம் போகக்கூடாது, பாசி பிடிக்கும். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் சுட்டால் அதில் ஆக்சிஜன் குறைந்து வேர் அழுகும். நான் டப்பைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டிவிடுவேன்.

மண்ணுக்குப் போடும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருப்பது) இதில் கரைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் கால்சியம் இல்லை. தழைச்சத்தில் பெரும்பங்கு யூரியாவாக இருக்கும், அதை மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற அளவுக்கு டப்பில் இருக்காது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசலை முழுக்க மாற்றுங்கள். பழையதைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டி அதைக் குடித்துத்தான் தளதளவென்று நிற்கிறது.